கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் மாதந்தோறும் காணாமல் போகின்றன: எக்செல் பட்டியல் வேலையைச் சீராக்க வழி சொல்லுங்கள்

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளையின் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். கல்லூரியில் படிக்கும் 640 மாணவ மாணவியருக்கு மாதந்தோறும் உதவித்தொகை அனுப்புவதுதான் எங்கள் முதன்மையான பணி. ஒவ்வொரு மாணவருக்கும் தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், பிறந்த தேதி, கல்லூரி, வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, கைப்பேசி எண், தொகை ஆகிய விவரங்களை ஒரே எக்செல் கோப்பில் வைத்திருக்கிறோம். மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் அதிலிருந்து ஒரு சிஎஸ்வி கோப்பை (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எழுத்துக் கோப்பு) உருவாக்கி வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

சென்ற மாதம் 37 பேருடைய தொகை திரும்பி வந்துவிட்டது. பார்த்தால், பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்களில் எல்லாம் முன்னால் இருந்த பூஜ்யங்கள் இல்லை. நான் தட்டச்சு செய்தபோது அவை இருந்தன. பாஸ்புக் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடித்தேன். ஒரு மாணவி விடுதிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று அலுவலகத்துக்கே வந்து காத்திருந்தாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்ற அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. இது என் கவனக்குறைவா, அல்லது கணினியில் ஏதேனும் கோளாறா என்று அறிய விரும்புகிறேன்.

இரண்டாவது சிக்கல் தமிழ்ப் பெயர்களில் இருக்கிறது. பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை, புதியவை யூனிகோடில் உள்ளவை. என் கணினியில் சரியாகத் தெரியும் பெயர்கள் செயலாளரின் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் யூனிகோடுப் பெயர்கள்கூட வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன.

மாதத்தில் ஏறத்தாழ நான்கு நாள்கள் இந்தப் பட்டியலைச் சரிபார்ப்பதிலேயே கழிகின்றன. எங்களிடம் இருப்பது எக்செல் 2016. புதிய மென்பொருள் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. இருப்பதை வைத்தே வேலையைச் சீராக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 1: பேரேடு

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது உங்கள் கவனக்குறைவு அல்ல. எக்செல்லின் இயல்பே அப்படித்தான். ஒரு கட்டத்தில் எதை அடித்தாலும், அது எண்ணா, தேதியா, சொல்லா என்று எக்செல் தானாகவே ஊகித்துக்கொள்கிறது. ஊகித்த பிறகு அதற்கு ஏற்ப நீங்கள் அடித்ததை மாற்றியும் வைத்துக்கொள்கிறது. இந்தத் தொல்லை நம்மோடு நிற்கவில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு, மார்ச்1, செப்ட்1 என்னும் மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடுவதால், அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியமைக்க நேர்ந்தது. 2020-இல் அந்தக் குழு வெளியிட்ட பெயரிடல் நெறிமுறையில் இது இடம்பெற்றிருக்கிறது. ஆய்வகங்களில் இருப்பவர்களே பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்றால், உங்களை நீங்கள் நொந்துகொள்ள ஒரு காரணமும் இல்லை.

கணக்கு எண் என்பது பெயரளவில்தான் எண். அதை நாம் கூட்டுவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. வாசற்கதவில் எழுதிய இலக்கம் போல அது ஓர் அடையாளம். எக்செல்லுக்கு அது தெரியாது. 00451234567 என்று அடித்தால், எண்ணின் முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்ற கணக்குப் பாடத்தின்படி 451234567 என்று வைத்துக்கொள்ளும். ஆகவே அடிக்கத் தொடங்கும் முன்பே அதனிடம் சொல்லிவிட வேண்டும். கணக்கு எண்ணுக்கான நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு 1-ஐ அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் முதல் பக்கத்திலேயே டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு அடிப்பவை அடித்தபடியே நிற்கும். ஓரிரு கட்டங்களுக்கு மட்டும் வேண்டுமானால், எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றைப் போட்டு அடித்தாலும் போதும். அந்தக் குறி அச்சில் வராது.

வரிசை முக்கியம் என்பதை மீண்டும் சொல்கிறேன். எண்ணை அடித்துவிட்டுப் பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினால், போன பூஜ்யங்கள் திரும்பி வரமாட்டா. பலரும் இந்த இடத்தில்தான், மாற்றிவிட்டோமே என்று நிம்மதியடைந்து அப்படியே வங்கிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பூஜ்யம் போவதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். நம் நாட்டு வங்கிகளில் கணக்கு எண்ணின் நீளம் வங்கிக்கு வங்கி மாறுகிறது. 11 இலக்கம் உண்டு, 16 இலக்கமும் உண்டு. 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் குறைந்த எண் பெரும்பாலும் வங்கியிலேயே நின்று திரும்பிவிடும். கடைசி இலக்கம் மாறிய எண் வேறொருவருடைய கணக்காகவே இருந்துவிட வாய்ப்பு உண்டு. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் நெஃப்ட் முறையில் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்காமல், கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைப்பதுதான் வழக்கம் என்பதால், திரும்பி வந்த 37 பேரைப் பற்றி மட்டும் கவலைப்படாமல், 16 இலக்கக் கணக்குகள் அனைத்தையும் பாஸ்புக் நகலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். பூஜ்யத்தில் முடியும் 16 இலக்க எண்களை முதலில் பாருங்கள்.

ஆதார் எண் போன்ற 12 இலக்க எண்களில் இழப்பு வேறு வழியில் வருகிறது. பொதுவான அமைப்பில் இருக்கும் கட்டத்தில் 12 இலக்கத்தை அடித்தால், இடையில் ஒரு புள்ளியும் கடைசியில் ஈ என்ற எழுத்துமாகச் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் உண்மையான எண் உள்ளே பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரியும் சுருங்கிய வடிவம்தான் கோப்பில் எழுதப்படும். மூல எண் அந்தக் கோப்பில் இருக்காது.

இனி, எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பலர் தவறும் இடத்துக்கு வருகிறேன். சிஎஸ்வி கோப்பை உருவாக்கிய பிறகு, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை இருமுறை சொடுக்கி எக்செல்லிலேயே திறக்கிறோம். திறந்தவுடன் பூஜ்யங்கள் மறைந்திருப்பதைக் காண்கிறோம். அல்லது காணாமலேயே மூடும்போது சேமித்துவிடுகிறோம். சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நெடுவரிசை டெக்ஸ்ட் என்ற குறிப்பு அதில் இருக்காது. எனவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எக்செல் மறுபடியும் ஊகிக்கத் தொடங்கும். நன்றாக இருந்த கோப்பு, பார்த்ததாலேயே கெட்டுப்போகிறது. சிஎஸ்வியைச் சரிபார்க்க வேண்டுமானால் நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் உள்ளது உள்ளபடி தெரியும். வங்கி அனுப்பும் சிஎஸ்வியை எக்செல்லுக்குள் கொண்டுவர வேண்டுமானால், இருமுறை சொடுக்குவதைத் தவிர்த்து, டேட்டா பட்டியில் உள்ள, உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியில் சென்று, கணக்கு எண் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டு ஏற்றுங்கள். கட்டணமில்லாத லிபர்ஆஃபிஸ் இருந்தால் இன்னும் எளிது. சிஎஸ்வியைத் திறக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்று அது நம்மிடம் கேட்கும்.

புதிய மைக்ரோசாப்ட் 365 பதிப்பில், முன்னுள்ள பூஜ்யங்களை நீக்காதே என்று சொல்லும் அமைப்பு 2023 முதல் இருக்கிறது. உங்கள் 2016 பதிப்பில் அது கிடையாது; செயலாளரின் கணினியில் இருந்தால் அதை நம்பி இங்கே ஏமாற வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் செய்யும் சோதனையை இரண்டு மூன்று ஃபார்முலாக்களிடம் ஒப்படைத்துவிடலாம். லென் என்ற ஃபார்முலா ஒரு கட்டத்தில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லும். பக்கத்தில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, கைப்பேசி எண்ணுக்கு 10, ஐஎஃப்எஸ்சிக்கு 11 வருகிறதா என்று பாருங்கள். கணக்கு எண்ணுக்கு, வங்கியின் பெயரை வைத்துப் பட்டியலை அடுக்கினால், ஒரே வங்கியின் எண்கள் பெரும்பாலும் ஒரே நீளத்தில் வரிசையாக நிற்கும். குறைந்தது எது என்பது உடனே கண்ணில் படும். ஐஎஃப்எஸ்சியில் முதல் நான்கும் எழுத்துகள், ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிப்பவை. அந்த ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஓ என்ற ஆங்கில எழுத்தை அடித்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மிட் என்ற ஃபார்முலாவால் ஐந்தாவது எழுத்தை மட்டும் தனியே எடுத்து, அது பூஜ்யமா என்று கேட்டால், அப்படிப்பட்ட வரிகள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஒரே கணக்கு இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்கக் கவுன்ட்இஃப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெக்ஸ்டாக இருந்தாலும் கவுன்ட்இஃப் அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டு ஒப்பிடும். அதனால் முதல் 15 இலக்கம் ஒன்றாகவும் 16-ஆவது மட்டும் வேறாகவும் உள்ள இரண்டு கணக்குகளை ஒரே கணக்கு என்று சொல்லிவிடும். ஒரே கிளையில் ஒரே நாளில் கணக்கு தொடங்கிய மாணவியருக்கு அடுத்தடுத்த எண்கள் கிடைத்திருக்கலாம் என்பதால் இது உங்களுக்கு வரக்கூடிய சிக்கல்தான். ஃபார்முலாவில் தேடும் கட்டத்தின் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியை இணைத்துவிட்டால், அது எழுத்தாக ஒப்பிடத் தொடங்கிவிடும்.

தேதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/08/2006 என்று நீங்கள் அடிக்கும் ஆகஸ்ட் 5, மே 8 ஆகிவிடும். 25/08/2006 என்பது 25-ஆவது மாதம் இல்லாததால் தேதியாகாமல் வெறும் சொல்லாக நிற்கும். நெடுவரிசையை அகலப்படுத்திப் பாருங்கள். சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இடப்பக்கம் நிற்பவை தேதிகளே அல்ல என்று பொருள். வலப்பக்கம் நிற்பவற்றிலும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கக்கூடும். வட்டார அமைப்பை இந்தியா என்று வைத்துவிட்டு, ஐயத்துக்குரிய தேதிகளைச் சான்றிதழ் நகலைப் பார்த்து மீண்டும் அடிப்பதே பாதுகாப்பானது.

மறுமொழி 2: தட்டச்சுமேசை

பேரேடு ஐயா கணக்கு எண்களைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார்கள். தமிழ்ப் பெயர்களைப் பற்றி நான் சொல்கிறேன். அச்சகத்தில் பல ஆண்டுகள் தட்டச்சுப் பணி செய்தவன் என்பதால், இந்த மாற்றத்தின் சிரமத்தை நேரில் அறிவேன்.

பாமினியில் அடித்த பெயர், கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. அம்மா என்று நீங்கள் திரையில் காண்பது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு அந்த ஐந்துக்கும் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த மூலக் குறிகளே வெளிப்படுகின்றன. செயலாளரின் திரையில் தெரிவது இதுதான். அவருடைய கணினியிலும் பாமினியை நிறுவிக் கொடுத்தால் பெயர்கள் தெரியும். ஆனால் அகர வரிசையில் அடுக்க முடியாது, தேட முடியாது, வங்கிக்கோ கல்லூரிக்கோ மின்னஞ்சலில் அனுப்ப முடியாது. அதனால் எழுத்துருவை நிறுவிக் கொடுத்துக் காலத்தைத் தள்ளுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. பழையவற்றை ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிடுங்கள்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இணையத்திலும் பல மாற்றிகள் கிடைக்கின்றன. இணையத்தில் மாற்றும்போது ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடியுங்கள். பெயர் நெடுவரிசையை மட்டும் நகலெடுத்து ஒட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்கு எண், கைப்பேசி எண், பிறந்த தேதி ஆகியவை உள்ள முழுக் கோப்பை, யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத ஓர் இணையதளத்தில் ஏற்றவே கூடாது. அவை நம்மை நம்பி மாணவர்கள் கொடுத்த விவரங்கள்.

மாற்றிய பெயர்களை வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பாருங்கள். கௌரி, கெளரி. முதற்பெயரில் இருப்பது ககர ஔகாரம். இரண்டாவதில் இருப்பது கெ என்ற எழுத்தும் அதன் பின்னால் ள என்ற தனி எழுத்தும். அச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். உங்கள் பட்டியலில் ஒரு விதமாகவும், கல்லூரி அனுப்பும் பட்டியலில் இன்னொரு விதமாகவும் இருந்தால், பெயரை வைத்துத் தேடும்போது அந்த மாணவி பட்டியலிலேயே இல்லை என்று எக்செல் சொல்லிவிடும். மௌனிகா, சௌந்தர்யா, பௌர்ணமி என்று ஔகாரம் வரும் எல்லாப் பெயர்களிலும் இது நடக்கும். கன்ட்ரோல்+எச் வழியாகப் பிழையான வடிவத்தைத் தேடிச் சரியானதாக மாற்றலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் பொத்தானை இங்கே அழுத்த வேண்டாம்; கெ, பெ என்ற எழுத்துகளை அடுத்து ள இயல்பாகவே வரும் ஊர்ப்பெயர்கள் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இதனால்தான் இரண்டு பட்டியல்களை ஒப்பிடும்போது பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள் என்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு மாணவருக்கும் நீங்களே ஒரு பதிவு எண் கொடுத்து, அதை வைத்து ஒப்பிடுங்கள். இன்னொரு பட்டியலிலிருந்து விவரத்தைத் தேடி எடுக்கும் விலுக்கப் ஃபார்முலாவைப் பயன்படுத்தினால் நான்காவது இடத்தில் பூஜ்யத்தைத் தவறாமல் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால், சரியாகப் பொருந்தும் பதிவு கிடைக்காதபோது அருகில் உள்ள வேறொருவரின் விவரத்தை எடுத்துக் கொடுத்துவிடும்; பிழை என்று ஓர் அறிவிப்புகூட வராது. ஒரு மாணவரின் தொகை இன்னொருவரின் வரியில் ஏறிவிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

சிஎஸ்வியில் கேள்விக்குறிகள் வருவதற்குத் தீர்வு எளிது. சேமிக்கும்போது வகைகளின் பட்டியலில் வெறும் சிஎஸ்வி என்பதை எடுக்காமல், சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்பதை எடுங்கள். எக்செல் 2016-இன் சில பழைய நிறுவல்களில் அது இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் லிபர்ஆஃபிஸில் திறந்து, சேமிக்கும்போது எழுத்துத் தொகுதியாக யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறியாகிவிட்ட கோப்பிலிருந்து பெயர்களை மீட்கவே முடியாது என்பதால், எக்செல் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

இனிமேல் அடிக்கப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. பாமினியில் பழகிய கைகளுக்குப் புதிய விசைப்பலகை கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. என்எச்எம் ரைட்டரில், நீங்கள் பழகிய பாமினி விசையமைப்பிலேயே யூனிகோடுத் தமிழை அடிக்கலாம். பழைய தட்டச்சுப்பொறி முறையும் அதில் உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும் தமிழ்99-ஐப் பழக்குங்கள். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கும். பக்கம் என்று அடிக்கும்போது ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும். கைக்கு அது தரும் ஓய்வை ஒரு வாரம் பழகியவர்கள் உணர்வார்கள்.

மறுமொழி 3: கோப்புக்கட்டு

மேலே இருவரும் சொன்னவற்றோடு சிறிய ஒன்றிரண்டைச் சேர்க்கிறேன்.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை வையுங்கள். 2025-06-05-உதவித்தொகை என்று பெயரிட்டால், கோப்புறையில் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 5-ஆம் தேதியும் ஒன்றாகக் குவிந்துவிடும். புதியது, இறுதி, இறுதி-2 என்ற பெயர்களை அடியோடு விட்டுவிடுங்கள். வங்கிக்கு எது போனது என்று மூன்று மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

விண்டோஸ் 10-இலும் 11-இலும் விண்டோஸ் விசையோடு வி-யை அழுத்தினால், கடைசியாக நகலெடுத்த 25 வரையிலான துணுக்குகள் பட்டியலாக வரும். முதல் முறை அழுத்தும்போது அதை இயக்க வேண்டுமா என்று கேட்கும். கல்லூரியின் பெயர், முகவரி, துறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக நகலெடுத்து இரண்டு சாளரங்களுக்கு இடையே மாறி மாறிப் போய்வருவது இதனால் நின்றுவிடும். பலர் பயன்படுத்தும் கணினி என்றால், வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிட வேண்டும். நீங்கள் நகலெடுத்த கணக்கு எண்களும் அதில்தான் இருக்கும்.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறுவதற்கான நேரம் முதலில் 5 விநாடியாகத்தான் இருக்கும். அமைப்புகளில் போய் அதை 30 விநாடியாக்குங்கள். தவறான கோப்பை இணைத்துவிட்டோம் என்பது அனுப்பு என்ற பொத்தானை அழுத்திய அடுத்த கணத்தில்தான் நமக்குப் பொதுவாக உறைக்கும். மாணவர்கள் அனைவருக்கும் ஒரே அறிவிப்பை அனுப்பும்போது, முகவரிகளை மறைநகல் (பிசிசி) பெட்டியில் இடுங்கள்; இல்லையேல் 640 பேருடைய மின்னஞ்சல் முகவரியும் 640 பேரிடமும் போய்ச் சேர்ந்துவிடும்.

மூலப் பட்டியலுக்குக் கடவுச்சொல் போடுவதும் அவசியம். ஃபைல் பட்டியில் இன்ஃபோ என்பதற்குள் அந்த வசதி இருக்கிறது. சிஎஸ்விக்குக் கடவுச்சொல் போட முடியாது. ஆகவே வங்கி ஏற்றுக்கொண்டது உறுதியானதும், டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் மேசைத்திரையிலும் கிடக்கும் உதிரி நகல்களை நீக்கிவிடுங்கள்.

வைகைக்கரை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள்கள் இதற்கென்றே ஒதுக்கி, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்துவிட்டு எழுதுகிறேன்.

புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கைப்பேசி ஆகிய நெடுவரிசைகளை முதலில் டெக்ஸ்டாக மாற்றி, அதன் பிறகே விவரங்களை ஏற்றினேன். திரும்பி வந்த 37 எண்களையும் பாஸ்புக் நகலைப் பார்த்து மீண்டும் அடித்தேன். பேரேடு ஐயா எச்சரித்தது போலவே, பூஜ்யத்தில் முடியும் 16 இலக்க எண்கள் ஒன்பது இருந்தன. அவற்றில் எட்டுக்கு உண்மையான கடைசி இலக்கம் வேறாக இருந்தது! அவை சென்ற மாதம்தான் புதிதாகச் சேர்த்தவை. தொகை எங்கே போனது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். ஐஎஃப்எஸ்சியின் ஐந்தாவது இடத்தில் நான்கு பேருக்கு ஓ என்ற எழுத்து இருந்தது. திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருந்தாலும் என் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. சிஎஸ்வியை நோட்பேடில் திறந்து பார்த்தேன். பூஜ்யங்கள் எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன.

தமிழ்ப் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றியதில் இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அகர வரிசையில் அடுக்கினால், பெயர்கள் தலைப்பெழுத்தின்படி அடுக்கப்படுகின்றன. கௌரி என்ற பெயருள்ள மூவரும் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்கள். கல்லூரிக்கு அனுப்பும் பட்டியலில் பெயரின் முதலெழுத்துப்படி வரிசை கேட்கிறார்கள். தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டு 640 பெயர்களையும் மீண்டும் அடிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

தட்டச்சுமேசை:

மீண்டும் அடிக்க வேண்டாம். தலைப்பெழுத்துக்குத் தனி நெடுவரிசை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களில் உள்ள புள்ளிக்குப் பிறகு இடைவெளி சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது என்பதால், முதலில் கன்ட்ரோல்+எச் வழியாகப் புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வருவதை எல்லாம் வெறும் புள்ளியாக மாற்றிவிடுங்கள். பிறகு பெயர் நெடுவரிசைக்கு வலப்புறம் மூன்று வெற்று நெடுவரிசைகளைச் சேர்த்து, டேட்டா பட்டியில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதில் பிரிக்கும் குறியாகப் புள்ளியைக் கொடுத்தால், சு என்பது ஒரு கட்டத்திலும் கௌரி என்பது அடுத்த கட்டத்திலும் போய் உட்காரும். இரண்டு தலைப்பெழுத்து உள்ளவர்களுக்கு மூன்றாகப் பிரியும். அந்தச் சில வரிகளை மட்டும் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். டிரிம் ஃபார்முலாவை ஒருமுறை ஓட்டிவிட்டால் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளிகளும் போய்விடும்.

அடுக்கும்போது பெயர் நெடுவரிசையை முதலாவதாகவும் தலைப்பெழுத்தை இரண்டாவதாகவும் கொடுங்கள். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டால், பெயர்கள் இடம் மாறி, கணக்கு எண்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். பட்டியலுக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோல் விசையோடு டி (T) அழுத்தி முழுவதையும் ஓர் அட்டவணையாக்கிவிட்டால், வரிகள் எப்போதும் முழுமையாகவே நகரும். அச்சிடும்போது தலைப்பெழுத்து, புள்ளி, பெயர் மூன்றையும் உம்மைக் குறியால் (&) இணைக்கும் ஃபார்முலா ஒன்றைத் தனி நெடுவரிசையில் எழுதிக்கொள்ளலாம். கல்லூரிக்கு அனுப்பும் நகலில் கணக்கு எண் நெடுவரிசையை மறைத்து வைக்காமல் நீக்கிவிட்டே அனுப்புங்கள். மறைத்த நெடுவரிசையைப் பெறுபவர் இரண்டு சொடுக்கில் விரித்துவிட முடியும்.